வாழ்நாள் காமிக்ஸ் சேகரிப்பை யாரிடம் ஒப்படைப்பது?

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால், மச்சில் இருந்த இரண்டு இரும்பு பீரோக்களையும் பரணில் கிடந்த நான்கு டிரங்குப் பெட்டிகளையும் ஆள் வைத்து இறக்கிக் கூடத்தில் வைத்தோம். 1974-இல் பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்துக் கடையொன்றில் அப்பா வாங்கித் தந்த முதல் முத்து காமிக்ஸ் தொடங்கி, ஐம்பது ஆண்டுகளாக நான் சேர்த்தவை அனைத்தும் அன்றுதான் முதன்முறையாக ஒரே இடத்தில் என் கண்முன் இருந்தன. மூன்று நாள் உட்கார்ந்து எண்ணியதில், தமிழ்ச் சித்திரக்கதைகள் 1,140, ஆங்கில இந்திரஜால் காமிக்ஸ் 210, மகனுக்காக 1990-களில் வாங்கிப் பின்னர் எனக்கே பிரியமாகிப்போன சாகச வீரர் பொம்மைகள் 38 என்று கணக்கு வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகன் அருகில் உட்கார்ந்து எண்ணுவதற்கு உதவிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னான்: "அப்பா, இதையெல்லாம் பின்னாடி நாங்க என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணி எழுதி வச்சிருங்கப்பா. எங்களுக்கு எது என்னன்னே தெரியாது."

அவன் சொன்னது நியாயம். அன்றிலிருந்து நான்கு மாதங்களாக விசாரித்தும் யோசித்தும் பார்த்ததில், என்னைப் போன்ற ஒரு சேகரிப்பாளருக்கு முன்னால் உண்மையில் நான்கு வழிகள்தாம் இருக்கின்றன என்று தெரிந்தது. பிள்ளைகளிடம் விட்டுச் செல்லலாம், ஒவ்வொன்றாக விற்கலாம், மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துவிடலாம், ஓர் ஆய்வு நூலகத்துக்கு அளிக்கலாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுவதை ஐந்தாவது வழியாகப் பலர் சொல்கிறார்கள். அது தனி வழியாகுமா என்பதைப் பின்னால் பார்க்கலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் சேகரித்தவர் உயிரோடு இருக்கும்போது, நினைவு தெளிவாக இருக்கும்போது அதைத் தேர்ந்தாக வேண்டும் என்பதே இந்த நான்கு மாதங்களில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், கையில் இருப்பது என்ன வகைப் பொருள் என்பதில் தெளிவு வேண்டும். தமிழில் சூப்பர் ஹீரோ என்றதும் என் தலைமுறைக்கு நினைவுக்கு வருபவர் இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவருடைய கதைதான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அந்த மனிதர் 1962-இல் லண்டனிலிருந்து வந்த வேலியன்ட் வார இதழில் பிறந்தவர். அவரை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. தமிழ்ச் சிறுவர்களைக் கட்டிப்போட்ட இன்னொருவரான ஸ்பைடர் 1965-இல் லயன் என்ற பிரிட்டிஷ் இதழில் தோன்றினார். அவருடைய கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். லீ ஃபாக் 1936-இல் தொடங்கிய அமெரிக்கச் சித்திரத் தொடரின் முகமூடி நாயகன் ஃபேன்டம், பம்பாயிலிருந்து 1964 முதல் 1990 வரை வந்த இந்திரஜால் காமிக்ஸ் வழியாக இந்தியா முழுவதும் பரவி, தமிழில் வேதாளராகவும், பிற்பாடு ராணி காமிக்ஸில் மாயாவியாகவும் வலம் வந்தார். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அடுத்தடுத்துத் தொடங்கியபோது எனக்கு வேலை கிடைத்திருந்தது. அதன்பின் வந்த இதழ்களைத் தவறவிட்டதே இல்லை எனலாம்.

இந்தக் கதைகளின் மூலங்கள் வெளிநாடுகளில் பத்திரமாக இருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் கதைகள் பலவற்றின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைத் திரும்பவும் அச்சிட்டுவருகிறது. ஆனால் நம்முடைய இதழ் என்பது கதை மட்டும் அன்று. சிவகாசியிலேயே புதிதாக வரையப்பட்ட அட்டைப்படம், ஆங்கிலப் பேச்சைத் தமிழ்ச் சிறுவனின் வாய்க்கு மாற்றிய மொழிநடை, கையால் எழுதப்பட்ட பேச்சுக் குமிழ்கள், "அடுத்த வெளியீடு" என்று ஆவலைத் தூண்டும் அறிவிப்பு, பின்னட்டை விளம்பரம் ஆகியவை எல்லாம் இங்கே மட்டுமே உள்ளவை. அவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. 1970-களின் தமிழ்ச் சிறுவர்கள் என்ன படித்தார்கள், எந்தத் தமிழில் படித்தார்கள் என்று நாளைக்கு ஒருவர் ஆராய விரும்பினால், அவருக்குத் தேவைப்படுவது லண்டன் மூலம் அன்று. சாணித் தாளில் அச்சான இந்த இதழ்தான்.

அந்தச் சாணித் தாள்தான் சிக்கலும்கூட. மரக்கூழில் இயற்கையாக உள்ள லிக்னின் என்ற பொருளை நீக்காமல் செய்யப்படும் மலிவுத் தாள், காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டு, தனக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கிக்கொண்டு பழுத்துப் போகிறது. என் பீரோவில் உள்ள 1975-ஆம் ஆண்டு இதழ் ஒன்றைச் சொல்கிறேன். அட்டையின் சிவப்பு இன்னும் மங்கவில்லை. ஆனால் நடுவில் குத்திய இரண்டு பின்களும் துருவேறி, சுற்றியிருந்த தாளில் பட்டாணி அளவுக்குப் பழுப்பு வட்டங்களை உண்டாக்கியிருக்கின்றன. நடுப் பக்கத்தைத் திறந்தால் பின்னிலிருந்து தாள் சத்தமில்லாமல் கழன்று கையோடு வருகிறது. பக்கங்களின் ஓரம் தேநீர் நிறத்திலும் உட்புறம் வைக்கோல் நிறத்திலும் இருக்க, இராமபாணப் பூச்சி அட்டையின் பசையைத் தேடி மேய்ந்த தடம் கீழ்மூலையில் ஆற்றுப் படுகை போல ஓடுகிறது. ஓரத்தை மடக்கினால் ஒடிந்துவிடும். அந்துருண்டையும் வசம்பும் வேப்பிலையும் போட்டுப் பூச்சியைத் தடுக்க முடிந்தாலும், தாளுக்குள் நடக்கும் இந்த மாற்றத்தை அவை தடுப்பதில்லை.

இதனோடு ஒப்பிட அமெரிக்காவின் எட்கர் சர்ச் சேகரிப்பைச் சொல்லலாம். கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் விளம்பர ஓவியராக இருந்த அவர், 1930-களின் இறுதியிலிருந்து காமிக்ஸ் இதழ்களைத் தொடர்ந்து வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்தார். 1977-இல் குடும்பத்தார் அந்த வீட்டைக் காலி செய்தபோது, சக் ரோசான்ஸ்கி என்ற இளம் வியாபாரி ஏறத்தாழ 18,000 முதல் 22,000 இதழ்களை அப்படியே வாங்கினார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்ததால்தான், இன்றும் "சர்ச் பிரதி" என்றால் சேகரிப்பாளர்கள் தனி மரியாதை தருகிறார்கள். உயரமான இடத்தில் அமைந்த டென்வரின் உலர்ந்த குளிர்ச்சியும், நெருக்கமாக அடுக்கியதால் காற்று புகாமல் போனதும் அதற்குக் காரணங்கள். தாமிரபரணிக் கரையில் நமக்கு அந்தக் காற்று வாய்க்கவில்லை. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறும் வீட்டில், தாள் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு வழியையும் நான் நிறுத்துப் பார்த்தேன்.

முதல் வழி பிள்ளைகள். மனம் முதலில் நாடுவது இதைத்தான். அப்பாவின் பொருள் மகனுக்கு என்பது இயல்பு, செலவில்லை, பிரிவுத் துயரும் இல்லை. என் மகனும் மகளும் மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களிடம் இரண்டு பீரோக்களையும் நான்கு பெட்டிகளையும் கொடுப்பது, பாசத்தின் பெயரால் பாரத்தை ஏற்றுவதாகும். தூத்துக்குடியில் என் நண்பர் ஒருவர் இருந்தார். இந்திரஜால் தமிழ்ப் பதிப்பில் அவரிடம் இருந்த வரிசை அளவுக்கு வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. அவர் காலமானபோது நான் வெளியூரில் இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அலமாரி காலியாக இருந்தது. விருந்தினர் தங்க இடம் வேண்டும் என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தார்கள். அவருடைய துணைவியார் என்னைப் பார்த்து, "உங்களுக்கு வேணும்னு தெரிஞ்சிருந்தா எடுத்து வச்சிருப்பேனே அண்ணே" என்று கண் கலங்கினார். அந்த அம்மையாரிடம் ஒரு குறையும் இல்லை. எது என்ன என்று சொல்லும் ஒரு தாள்கூட அலமாரியில் இல்லை, குறை அதுதான்.

எனவே பிள்ளைகளிடம் விடுவதானாலும் பட்டியலும் உயிலும் வேண்டும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். சேகரிப்பு யாருக்கு, அவர் விரும்பாவிட்டால் அடுத்து யாருக்கு என்று அதில் ஒரு பத்தி எழுதினால் போதும். இவ்வளவு செய்த பிறகும் தாள் பழுக்கும் பிரச்சினை அப்படியே இருக்கும் என்பதால், இந்த வழியை முழுச் சேகரிப்புக்கும் உரியதாக என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது வழியான சில்லறை விற்பனையைப் பற்றிப் பேசும்போது, அமெரிக்க விலைகள் நம் கண்ணை மறைத்துவிடக் கூடாது. 1938-இல் 10 சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டு, "உங்ககிட்டயும் அந்த மாதிரி இருக்குமே சார்" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அந்த விலைக்குப் பின்னால் ஒரு முழு அமைப்பே இயங்குகிறது. 1970 முதல் ஆண்டுதோறும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு வெளிவருகிறது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் ஒவ்வொரு இதழையும் பரிசோதித்து, 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, கெட்டியான ஒளிபுகும் உறைக்குள் வைத்து முத்திரையிடுகிறது. ஓரம் வெட்டியது, வண்ணம் தொட்டது போன்ற சீரமைப்பு தெரிந்தால் ஊதா நிற முகப்புச் சீட்டு ஒட்டிவிடுவதால் விலை சரிந்துவிடும். இவற்றையெல்லாம் நம்பிப் பணம் போடும் பல்லாயிரம் பேர் அங்கே இருக்கிறார்கள்.

தமிழ்க் காமிக்ஸுக்கு இவற்றில் எதுவும் இல்லை. விலைக் கையேடு இல்லை. தரம் பிரித்துச் சொல்லும் நிறுவனம் இல்லை. ஆர்வலர்கள் உண்மையானவர்கள்தாம் என்றாலும், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியும் அளவுக்கே எண்ணிக்கை இருக்கிறது. ஆரம்பகால முத்து காமிக்ஸுக்கு இன்று சிலர் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்பது உண்மை. கேட்கும் விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு. மேலும், 2010-களில் இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் கதைகள் நல்ல தாளில் மறுபதிப்பாக வந்தபின், கதையைப் படிக்க மட்டுமே விரும்பியவர்கள் பழைய இதழைத் தேடுவதை விட்டுவிட்டார்கள். படிப்பவர்களுக்கு அது பெரிய நன்மை. அதில் எனக்கு மகிழ்ச்சியே. விற்பவரின் கணக்கில் மட்டும் அது வேறு விதமாக விழுகிறது.

என் சேகரிப்புக்கு இன்னொரு தடையும் உண்டு. 1979-இல், இதழ்கள் கிழியாமல் இருக்கட்டும் என்று, 60 இதழ்களை ஐந்து தொகுதிகளாக பைண்டிங் செய்யக் கொடுத்தேன். நம் ஊரில் அந்நாளில் எல்லோரும் செய்ததுதான். பைண்டர் வழக்கப்படி மூன்று பக்கமும் இயந்திரத்தில் ஓரம் வெட்டிச் சமப்படுத்தினார். சில கட்டங்களின் விளிம்பும், பேச்சுக் குமிழ்களில் ஓரெழுத்து ஈரெழுத்தும் வெட்டுப்பட்டன. அட்டைகள் இடைஞ்சல் என்று பாதிக்கு மேல் நீக்கிவிட்டார். அவற்றைக் கேட்டு மறுநாள் ஓடினேன், குப்பையோடு போய்விட்டன. விற்பனை நோக்கில் அந்த 60 இதழ்களுக்கும் ஏறத்தாழ மதிப்பே இல்லை. ஆனால், இதைக் கவனிக்க வேண்டும்: காலிகோ அட்டைக்குள் இறுக்கமாக இருந்ததால் உட்பக்கங்கள் மற்ற இதழ்களைவிட வெளிர்நிறமாக, திடமாக இருக்கின்றன. சந்தை ஒதுக்கும் அதே தொகுதியை ஆராய்ச்சியாளர் ஆசையோடு எடுத்துக்கொள்வார். எந்த வழி எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்பது வேறுபடும் என்று எனக்கு முதலில் உணர்த்தியவை இந்த ஐந்து தொகுதிகளே.

பொம்மைகளின் நிலைமை இதற்கு நேர்மாறானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், அமெரிக்க ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் அச்சுகளைக் கொண்டு இந்தியாவிலேயே ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மைகளைத் தயாரித்தது. அமெரிக்காவில் வராத வண்ணச் சேர்க்கைகள் சில இங்கே வந்ததால், அவற்றைத் தேடும் சேகரிப்பாளர்கள் இன்று உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்துள்ள அட்டையோடு இருக்கும் பொம்மைக்கு மொழித் தடையும் இல்லை. ஆனால் அவையும் காலத்தால் கெடுகின்றன. உடலையும் கால்களையும் இடுப்பில் இணைத்து வைத்திருப்பது ஒரு சிறு ரப்பர் வளையம்; முப்பது ஆண்டுகளில் அது இறுகி, எடுத்து நிறுத்தும்போது பட்டென்று அறுந்து பொம்மை இரண்டாகப் பிரிந்து விழும். என்னுடைய 38-இல் 11 அப்படிப் போயிருந்தன. வளையத்தைப் புதிதாக மாற்றிவிடலாம் என்பதால் அது பெரிய இழப்பு அன்று. பெருவிரல் ஒடிந்தாலோ, கையளவு துப்பாக்கி தொலைந்தாலோதான் விலை போய்விடும். மென்மையான பி.வி.சி. பொம்மைகள் வெக்கையில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாக விற்பதே சரி என்று எனக்குப் படுகிறது. ஒரு பொம்மை பிரிந்து போவதால் மற்றொன்றின் பொருள் குறைந்துவிடுவதில்லை. தமிழ் மண்ணின் நினைவாக நூலகத்தில் இருந்தே ஆக வேண்டியவையும் அல்ல அவை.

சித்திரக்கதைகளைச் சில்லறையாக விற்பதிலோ உழைப்பு மிகுதி. ஒவ்வோர் இதழுக்கும் முன்னட்டை, பின்னட்டை, நடுப் பக்கம், குறைகள் எனப் படமெடுத்து, கேட்பவருக்கெல்லாம் பதில் எழுதி, மடங்காமல் அட்டை வைத்துக் கட்டிக் கூரியரில் அனுப்ப வேண்டும். நன்றாக இருக்கும் 100 இதழ்கள் முதல் மாதத்திலேயே போய்விடும். மீதி ஆயிரமும் அப்படியே தங்கும். கடைசியில் எடைக்குப் போவது அந்த மீதிதான்.

மூன்றாவது வழி, மொத்தமாகக் கொடுப்பது. இதில் வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. வியாபாரியானால் அவர் பிரித்து விற்பார். சர்ச் சேகரிப்பும் அப்படித்தான் உலகெங்கும் சிதறியது. அதனால் விலையும் பெயரும் உயர்ந்தன. தொகுப்பு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சென்னையில் ஒரு பழைய புத்தக வியாபாரி நேரில் வந்து பார்த்துவிட்டு, ஒரே தொகையாகப் பேசினார். தனித்தனியே கணக்கிட்டால் வரக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவருக்கு வாடகை, ஆள் கூலி, தேங்கும் சரக்கு என்று செலவுகள் உண்டு. எனவே அதில் அநியாயம் இருப்பதாக நான் கருதவில்லை. வாங்குபவர் சக சேகரிப்பாளரானால் மனநிறைவு கிடைக்கும். ஆனால் என்னிடம் ஆர்வத்தோடு கேட்ட இருவருக்கும் என் வயதுதான். இன்னும் பத்து ஆண்டில் இதே கேள்வியோடு, இரண்டு மடங்கு பெரிய குவியலுக்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது வயதுக்குள் இருக்கும் உண்மையான ஆர்வலர் ஒருவர், வைக்க இடத்தோடு கிடைத்தால் இந்த வழி மிகச் சிறந்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

நான்காவது வழியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு மிகச் சிறந்த முன்னுதாரணம் இருக்கிறது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்துகொண்டே, பல்லாண்டுகளாகப் பழந்தமிழ் நூல்களை மட்டுமின்றி நாடக நோட்டீசு, திரைப்படப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கியெறிந்தவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைச் சிதறாமல் முழுதாக வாங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒரு தனிமனிதர் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இன்று உலகத் தமிழ் ஆய்வாளர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவர் காலத்தில் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி மற்றவர்கள் நினைத்ததையே இன்று காமிக்ஸைப் பற்றி நினைக்கிறார்கள். அதனால்தான் இந்த எடுத்துக்காட்டு எனக்கு இவ்வளவு முக்கியமாகப்படுகிறது.

அமெரிக்காவிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. நூலகங்கள் மைக்ரோஃபிலிம் எடுத்துக்கொண்டு பழைய நாளிதழ்களைக் கழித்துக் கட்டிய காலத்தில், பில் பிளாக்பியர்ட் என்பவர் அவற்றை வாங்கிவந்து, வண்ணச் சித்திரத் தொடர்களைக் கத்தரித்துத் தன் சான்ஃபிரான்சிஸ்கோ வீடு நிறைய வைத்திருந்தார். 1998-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அதைப் பெற்றுக்கொண்டபோது, மொத்த எடை 75 டன். ஏற்றிச் செல்ல ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. அங்குள்ள பில்லி அயர்லாந்து கேலிச்சித்திர நூலகத்தில் இன்று எவரும் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். மற்றொருபுறம், பால்டிமோரில் ஸ்டீவ் கெப்பி 2006-இல் தன் சொந்தச் சேகரிப்பைக் கொண்டு அருங்காட்சியகமே திறந்தார். 2018-இல் அதை மூடி, 3,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அளித்தார். அவ்வளவு வசதி படைத்தவரே தனி அருங்காட்சியகத்தைவிட நிலையான நிறுவனத்தை நம்பினார் என்றால், வீட்டு முன்னறையில் "காமிக்ஸ் காட்சியகம்" வைக்கலாம் என்ற என் பழைய ஆசையை நான் கைவிட்டதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நூலகத்துக்கு அளிப்பதில் குறைகளும் இருக்கின்றன. பணம் பெரும்பாலும் கிடைக்காது. ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும் இதழை இரண்டாம் முறை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பொம்மைகளை அநேகமாக ஏற்க மாட்டார்கள். கொடுத்த மறுநாளே பட்டியலில் ஏறிவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. போதிய ஆளில்லாத சிறு நூலகத்தில் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டு வந்தால், இங்கே பரணில் கிடந்தது அங்கே பரணில் கிடக்கும். ஆகவே கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு: வைக்கும் அறையின் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்படுகிறதா, இதழ்வாரியாகப் பட்டியலிடுவார்களா, சேகரிப்பு ஒரே பெயரின்கீழ் சேர்ந்திருக்குமா, பிற்காலத்தில் கழிக்க நேர்ந்தால் யாரிடம் கேட்பார்கள் என்பவை அவை. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். இருந்தாலும், 1970-களின் சித்திரக்கதைகள் அங்கே முழு வரிசையாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு நம் பிரதிகளை நாம் கைவிட முடியாது.

இனி ஸ்கேன் செய்வது. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்தைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. சென்னையில் பழைய புத்தகங்களின் தாய்வீடாக இருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத்தில் தீக்கிரையானது. மாணவப் பருவத்தில் நான் பல இதழ்களைப் பொறுக்கியெடுத்த கடைகள் அங்கேதான் இருந்தன. எனவே ஸ்கேன் அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1972-இல் வந்த இதழ்கூட இன்னும் பொதுச் சொத்தாகவில்லை. சிவகாசிப் பதிப்பகமும் இன்றுவரை அதே வாசகர்களுக்காக இதழ் நடத்திவருகிறது. அவர்கள் உழைப்பால் வளர்ந்த நாம், நம் ஸ்கேன்களை எல்லோருக்கும் பரப்பி அவர்கள் வயிற்றில் அடிப்பது முறையாகாது. லாப நோக்கமற்ற பொது நூலகம் ஒன்று, தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ள 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. தாளைப் பாதுகாப்பது, படியெடுப்பது, சட்டத்துக்கு உட்படுவது ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது நூலகத்தில்தான். ஸ்கேனை ஐந்தாவது வழியாகக் கொள்ளாமல் நான்காவதன் பகுதியாக நான் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

எனவே என் முடிவு ஒரே வழியாக இல்லாமல் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 1,140 தமிழ் இதழ்களில், என்னிடம் இருக்கும் சிறந்த பிரதிகளும் அந்த ஐந்து பைண்டிங் தொகுதிகளும் ஆராய்ச்சி நூலகத்துக்கு. எதையெல்லாம் ஏற்பார்கள் என்று பட்டியலோடு கேட்டு எழுதப் போகிறேன். அவர்களிடம் இருப்பவை போக, இல்லாதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே. இரட்டைப் பிரதிகளையும் ஆங்கில இந்திரஜால் இதழ்களையும் இளம் ஆர்வலர்களுக்கு, அவர்களால் தரக்கூடிய விலையில் கொடுப்பேன். அவற்றை வாங்கும் இருபது வயதுப் பையன்தான் நாளைய சேகரிப்பாளன். பொம்மைகளை ரப்பர் வளையம் மாற்றிச் சில்லறையாக விற்று, வரும் பணத்தில் அமிலமற்ற அட்டைப் பெட்டிகளும் பாலிப்ரொப்பிலீன் உறைகளும் வாங்கி, நூலகத்துக்குப் போகும் இதழ்களை அவற்றில் இட்டு அனுப்புவேன். வழக்கமாகக் கடையில் கிடைக்கும் பி.வி.சி. உறைகள் சில ஆண்டுகளில் அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்வதால், இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சேகரிப்பு சிறியதாக, நூறு நூற்றைம்பது இதழ்களாக இருப்பவருக்கு நான் வேறு விதமாகவே சொல்வேன்: பட்டியல் எழுதி, நல்ல உறை வாங்கி, படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கே கொடுங்கள். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர் மொத்தமாக விற்பதிலும் தவறில்லை. ஆனால் விற்கும் முன் இரண்டு வியாபாரிகளிடமாவது விலை கேட்க வேண்டும், அரிய வரிசையை நடுவில் உடைக்காமல் கொடுக்க வேண்டும்.

பட்டியலை நீள நோட்டு ஒன்றில் எழுதிவருகிறேன். வரிசை எண், இதழின் பெயர், வெளியீட்டு எண், ஆண்டு, அச்சிட்ட விலை, அட்டை உண்டா இல்லையா, எங்கே வாங்கியது என்று ஏழு கட்டங்கள். கடைசிக் கட்டத்தை என்னைத் தவிர வேறு யாராலும் நிரப்ப முடியாது என்பதால், அதை மட்டும் இரவு உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். மற்ற ஆறையும் மகள் வழிப் பேத்தி விடுமுறை நாள்களில் கணினியில் ஏற்றித் தருகிறாள். நேற்றோடு 812 முடிந்தது. அப்பா பேருந்து நிலையத்தில் வாங்கித் தந்த இதழ் பட்டியலில் முதல் எண்ணாக இருக்கிறது. முன்னட்டை இல்லை, கடைசி நான்கு பக்கங்களும் இல்லை. நூலகத்துக்கும் உதவாது, விலைக்கும் போகாது. முதல் பக்கத்து மூலையில் அப்பாவின் பென்சில் கையெழுத்தில் என் பெயரும் 6-ஆம் வகுப்பு என்பதும் இருக்கின்றன. அதற்கு நேரே, "யாருக்கு" என்று ஓரத்தில் தனியாகக் கோடு போட்ட இடத்தில், பேத்தி தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டாள்.